மாமியார் வீட்டுக் கைப்பிடி

எங்கள் மலையில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதை அப்படி. நான் வாசலுக்குப் போனால் என் மாமியார் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்குக் கேட்க வேண்டியதை நான் மனைவியிடம் கேட்பேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை அவர் மகளிடம் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஆட்டிடம் சொல்வார். அவரிடம் ஒரு கறுப்பு வெள்ளாடு இருந்தது.

"ஏண்டி, சட்டியில களி கீது. பசிக்கிறவங்க துன்னலாம்னு சொல்லு" என்று ஆட்டைப் பார்த்துச் சொன்னால் அது எனக்கான அழைப்பு.

நானும் ஆட்டைப் பார்த்து, "துன்னுட்டுதான் வந்தேன்" என்பேன்.

சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிற எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. ஆடு குறுக்கே பேசாது. பேசி முடித்ததும் முகத்தை உற்றுப் பார்க்காது.

காவலூரில் வானம் பார்க்கிற பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் நான் அங்கே போய்க் கல்லும் மண்ணும் சுமப்பேன். அங்கேயே தங்கிக் கூலி வேலை செய்துவிட்டு, நெல்லிவாசல் நாட்டில் இருக்கிற எங்கள் ஊருக்கு வருவேன். மாமியார் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மாமனார் போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். மருமகன் வீட்டில் வந்து இருப்பது அழகில்லை என்பது அவர் எண்ணம். மகள் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, ஆட்டுக்குக் கழனித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் நிலைப்படி தடுக்கி முற்றத்தில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு பிசகி எலும்பும் விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போடுகிறவர் வந்து முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அந்த வலியிலும் மாமியார், "முட்டைய கையில தடவுறதுக்கு வாயில ஊத்தினா நல்லா இருந்திருக்கும்" என்றார். கட்டுப் போடுகிறவர் சிரித்துவிட்டார்.

சேதி கேட்டுக் கண்ணமங்கலத்திலிருந்து என் மச்சான் வந்தார். என் மனைவிக்கு அண்ணன். அங்கே கடைத்தெருவில் வியாபாரம் செய்து, சொந்தமாக மெத்தை வீடு கட்டியிருந்தார். தாய் மேல் உயிர். அதனாலேயே அன்றைக்கு அவ்வளவு கோபம்.

"கெளம்பும்மா. அங்க சிமிட்டித் தர. வூட்டாண்டயே கொழா. சுவிட்ச போட்டா லைட்டு. இங்க இன்னா கீது?"

"இங்க நான் கீறேன்டா" என்றார் உள்ளேயிருந்து.

"தனியா கெடந்து வுழுந்து பூட்டா யாரு பாக்கறது?"

"உன் சிமிட்டித் தரையில எண்ணெ ஊத்தி வெச்சாமாரி கீது. போன தபா வந்தப்ப செவுத்த புடிச்சிகினேதான நடந்தேன்? அங்க வுழமாட்டனா?"

கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் மச்சான் முற்றத்தில் நின்றுகொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு முடிவு சொன்னார். "சாமை அறுப்புக்கு வருவேன். அன்னிக்கு யார் கையும் புடிக்காம வூட்ட வுட்டு வெளிய வந்து காட்டணும். வந்தா இங்கியே இரு, நான் வாய் தொறக்கல. வரலன்னா அன்னிக்கே பஸ்ஸு."

அவர் போன பிறகு என் மனைவி என்னிடம், "எங்கம்மா அங்க போனா ஒரு மாசத்துல வாய மூடிடுவாங்க. பேச ஆள் ஏது? ஆட்ட பஸ்ல ஏத்துவாங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் அந்த வீட்டைச் சரியாகப் பார்த்தேன். மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க எங்கள் பக்கத்தில் வீட்டைத் தொடை உயர மண்மேடையின் மேல் கட்டுவோம். ஏறுவதற்கு வாசலில் ஒரே ஒரு கல், அதுவும் அசையும். அதன் மேலே கிட்டத்தட்ட முழங்கால் உயரத்துக்கு நிலைப்படி. அதைத் தாண்டும்போதே தலையைக் குனிய வேண்டும், கதவு அவ்வளவு குட்டை. வீட்டுப் பக்கவாட்டில் குளிக்கிற கல், பாசி பிடித்து வழவழவென்று இருக்கும். நாங்கள் இளவட்டத்தில் இதையெல்லாம் யோசிக்காமல் தாண்டிக் குதித்துவிடுகிறோம். கண் மங்கி, முழங்கால் வலிக்கிற வயதில் ஒரு காலைத் தூக்கி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

காவலூர்க் கட்டடத்தில் மாடிப்படி ஓரமாக இரும்புக் குழாய் ஓடும். கல் சுமந்து ஏறும்போது எனக்கு அந்தக் குழாய் பெரிய ஆறுதல். அது ஞாபகத்துக்கு வந்தது. இரும்புக்கு நான் எங்கே போவேன்? மலையில் மரத்துக்கு என்ன குறை?

முதலில் வாசல் கல்லுக்குக் கீழேயும் மேலேயும் தட்டையான கற்களைப் புதைத்து, சின்னச் சின்னப் படிகளாக ஆக்கினேன். மண் அடித்துக் கெட்டிப்படுத்தினேன். பிறகு நிலைப்படியை அறுத்துத் தாழ்த்தலாம் என்று ரம்பத்தோடு போனேன்.

ரம்பத்தைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஆட்டுக்குச் சேதி வந்தது. "ஏண்டி, நெலப்படியில கை வெச்சா வூட்டு லச்சுமி எழுந்து பூடுவான்னு சொல்லு. என் வூட்டுக்காரரு மஞ்ச பூசி நட்ட படி. அதுக்குப் பதிலு என் கால அறுத்துட்டுப் போவச் சொல்லு."

ஆடு என்னைப் பார்த்தது. நான் ரம்பத்தைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் முழுக்க யோசித்தேன். நிலைப்படியைத் தாழ்த்தக் கூடாது, சரி. தரையை உயர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஏரியிலிருந்து களிமண் சுமந்து வந்து வீட்டின் உள்தரையை மேடாக்கினோம். வெளியே வாசலையும் அதே அளவுக்கு உயர்த்தினோம். என் மனைவி அதன் மேல் சாணம் மெழுகினாள். நிலைப்படி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது அதைத் தாண்டக் கோழிக்குஞ்சுக்குக்கூடச் சிரமமில்லை.

சந்தோஷத்தில் நிமிர்ந்தேன். உச்சந்தலை நங்கென்று மேல் சட்டத்தில் இடித்தது. தரை உயர்ந்த அளவுக்குக் கதவு குட்டையாகிவிட்டது! மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தாய் உருவத்தில் குள்ளம். தலை நிமிர்ந்து உள்ளே போய், தலை நிமிர்ந்தே வெளியே வந்தார். "எனக்குன்னே அளவெடுத்தாமாரி கீதுடி" என்று ஆட்டிடம் சொன்னார். அதற்கு மேல் நான் கதவைத் தொடவில்லை.

குளிக்கிற கல்லுக்கு வேறொரு வழி கிடைத்தது. அம்மி கொத்துகிறவர் ஒருவர் அடிவாரத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி வருவார். தேய்ந்துபோன அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கொடுப்பது அவர் தொழில். அவரை அழைத்து வந்தேன்.

"அம்மி எங்கங்க?"

"அம்மி இல்லீங்க. இந்தக் கல்லு."

"இது குளிக்கிற கல்லாச்சே! இதுல இன்னாத்த அரைக்கப் போறீங்க?"

நான் கல்லில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். உள்ளேயிருந்து மாமியார், "என்னத்தான் அரைக்கப் போறாங்க, மொளகா போட்டு. நல்லாக் கொத்துங்க" என்றார். கொத்துகிறவர் சிரித்துக்கொண்டே கல் முழுதும் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கல்லில் கால் நிற்கும்.

பிறகுதான் கைப்பிடி. படிக்கு இரண்டு பக்கமும் கால்கள் நட்டு, அவற்றின் மேல் வழவழப்பான மூங்கிலை நீளவாக்கில் வைத்து நாரால் இறுக்கிக் கட்டினேன். எனக்கு வசதியான உயரத்தில் கட்டியதுதான் தப்பு. அன்று சாயங்காலம் மாமியார் வெளியே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் கை தோள் மட்டத்துக்குப் போயிற்று.

"ஏண்டி, இது ஒட்டகம் ஏறி எறங்கக் கட்டினதான்னு கேளு."

அவர் கைக்கு என்ன உயரம் வேண்டும்? எதிரே நிற்கவே கூசுகிற மாமியாரை அளவெடுப்பது எப்படி? மனைவியை அனுப்பிக் கேட்டால், "எதுவா இருந்தாலும் சரி" என்று சொல்வார். நான் யோசித்துக்கொண்டு வாசலில் நின்றபோது கண்ணில் பட்டது. கதவுக்கு இரண்டு பக்கமும் மண்சுவரில், ஒரே மட்டத்தில், உள்ளங்கை அளவுக்கு மழமழவென்று கறுத்திருந்தது. தினமும் அவர் ஊன்றி ஊன்றி வந்த இடம். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுச் சுவர்தான் அவருக்குக் கைப்பிடியாக இருந்திருக்கிறது. அந்தக் கறையிலிருந்து, தரை உயர்ந்த அளவையும் கூட்டிக் கயிறு பிடித்து, மூங்கிலை இறக்கிக் கட்டினேன். மறுநாள் ஆட்டுக்குச் சேதி எதுவும் வரவில்லை. சேதி வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மணிக்கட்டின் கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. ஊர் ஊராக நடந்து வருகிற நர்சம்மா, "கைய சும்மா வெச்சிருக்கக் கூடாதும்மா. எதையாவது புடிச்சிப் புடிச்சி அழுத்துங்க. காலையும் மாலையும் படி ஏறி எறங்குங்க. ஒக்காந்துட்டா முட்டியும் ஒக்காந்துரும்" என்றார். கேழ்வரகும் கீரையும் தின்னச் சொல்லி, மாத்திரையும் கொடுத்தார். வீட்டில் கொட்டை எடுத்த புளி மூலையில் குவிந்து கிடந்தது. மாமியார் அதை உருண்டை பிடிக்க ஆரம்பித்தார். பிடித்ததை உதிர்த்து மறுபடியும் பிடித்தார். அந்த வருஷத்துப் புளி உருண்டைபோல் இறுகலான புளியை நான் பார்த்ததே இல்லை. கரைக்க உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும் என்று என் மனைவி புலம்புவாள்.

கண் மங்கலுக்கு மனைவியே ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து வெள்ளைக்கோடு இழுத்தாள். மங்கிய வெளிச்சத்திலும் படி எங்கே முடிகிறது என்று தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மழை வந்தது. மழையோடு என் மானமும் போயிற்று.

கைப்பிடிக்குக் கால் நட நான் வெட்டி வந்தது ஒதியங்கழி. எங்கள் பக்கத்தில் வேலி போடுகிற யாரும் ஒதியைத்தான் வெட்டுவார்கள். காய்ந்த கழியைக் கரையான் தின்றுவிடும். பச்சை ஒதியை நட்டால் அது வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்பா எனக்குக் கழி என்று காட்டியதே அதுதான். கை தானாக ஒதியைத் தேடிப் போய்விட்டது. நட்டது வேலியில்லை, கைப்பிடி என்பது என் புத்திக்கு அந்த நேரத்தில் எட்டவில்லை.

ஆடி மாதத்தில் கழியின் கணுவெல்லாம் சிவப்பாக மொட்டு வைத்தது. ஆவணியில் இலை விட்டது. நான் யாரும் பார்க்காத நேரத்தில் போய்த் தளிரைக் கிள்ளிப் போட்டேன். ஒன்றைக் கிள்ளிய இடத்தில் இரண்டு வந்தது. புரட்டாசியில் மாமியார் வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் பந்தல்போல் பச்சை. தண்ணீருக்குப் போகிற கிழவிகள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"இன்னாடி இது, மருமவன் கல்யாணப் பந்தக்கால் நட்டு வெச்சிகிறாரா? யாருக்குக் கல்யாணம், உனக்கா?" என்றார் ஒருவர்.

"ஆமா. மாப்ள வந்ததும் சொல்றேன், பாய் முடைஞ்சி எடுத்துகினு வா" என்றார் என் மாமியார்.

நான் அந்தத் தெருவில் நடப்பதையே குறைத்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வெள்ளாட்டுக்கு ஒதிய இலை என்றால் உயிர். கறுப்பாடு கயிற்றை அவிழ்த்துக்கொள்ளும்போதெல்லாம் நேராகப் படியேறி வந்து கைப்பிடியைத் தின்னும். இலையோடு நாரையும் சேர்த்துக் கடிக்கும். நான் கட்டுவதும் அது கடிப்பதுமாக இருந்தோம்.

சாமை அறுப்புக்கு மச்சான் சொன்னபடியே வந்தார். கையில் வாழைப்பழமும் ரொட்டியும். "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வேகமாக உள்ளே போனார். நங்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ! இன்னா இது, வூடா எலிப்பொறியா?" நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கைப்பிடியின் பச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முற்றத்தில் இருந்த உரலின் மேல் உட்கார்ந்தார்.

"சரி, வெளிய வா. பாக்கலாம்."

உள்ளே சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, யார் கையும் புடிக்காம வெளிய வா. அதான பேச்சு?"

"நீ இன்னா பொண்ணு பாக்க வந்தியா, நான் நடந்து காட்டறதுக்கு? அப்பால காபித்தண்ணி தட்டுல எடுத்துகினு வரணுமா? என் வூட்டுல நான் எப்ப வெளிய வரணும்னு எனக்குத் தெரியும்."

என் மனைவி உள்ளே போய்க் கெஞ்சினாள். "தெனம்தான வர்றீங்க, இப்ப மட்டும் இன்னாம்மா?"

"தெனம் வர்றது வேற. வான்னு சொல்லி வர்றது வேற. வரமாட்டேன்."

மச்சான் முகம் வாடிவிட்டது. அவருக்கும் ஜெயிக்க ஆசையில்லை, தாய் நடப்பதைக் கண்ணால் பார்க்க ஆசை. தாய் வரமாட்டேன் என்றதும் வர முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டார். "முடியலன்னா ஒத்துக்கயேம்மா. அதுல இன்னா வெக்கம்?" என்று சொல்லிக்கொண்டு, இந்தத் தடவை ஜாக்கிரதையாகக் குனிந்து உள்ளே போய், ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து வந்தார். கொடியில் காய்ந்த புடவையை உருவி மடித்துப் பையில் வைத்தார். என் மனைவி வாசல் ஓரத்தில் தலை குனிந்து நின்றாள். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆட்டைத் தேடினேன்.

ஆடு கொட்டிலில் இல்லை. அறுந்த கயிற்றோடு படியின் மேல் நின்றிருந்தது. முன்னங்கால் இரண்டையும் மூங்கிலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஒதிய இலையை நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது. நார் ஏற்கெனவே பாதி அறுந்திருந்தது.

நான் பார்த்த அதே நேரத்தில் உள்ளேயிருந்து மாமியாரும் பார்த்துவிட்டார்.

"ஏய்! அடி நாசமாப் போறவளே! என் கைப்புடியத் துன்னுறியா நீ!"

களி கிண்டுகிற துடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நிலைப்படியைத் தாண்டியது எனக்குத் தெரியவே இல்லை. இடது கை மூங்கிலில் ஓட, வெள்ளைக்கோட்டைப் பார்த்துப் பார்த்துப் படி இறங்கினார். ஆடு குதித்து முற்றத்தில் ஓடியது. அவரும் விடவில்லை. மச்சானைச் சுற்றி, உரலைச் சுற்றி, குளிக்கிற கல் வரைக்கும் விரட்டினார். கல்லின் மேல் காலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் நின்றிருந்தது. அதில் ஈரக்காலோடு ஏறி நின்று, துடுப்பை ஓங்கி, "இனிமே அந்தப் பக்கம் வா, உன்ன ஆடிக்குப் பலி போடுறேன்" என்றார்.

பிறகுதான் திரும்பினார். நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மருமகனும் நிற்கிறான். சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். துடுப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

முதலில் என் மனைவிக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் மச்சானுக்கு. பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடாமல் ஒரு கேள்வியும் கேட்டார்.

"கைப்புடியப் புடிச்சிகினுதான வந்த?"

"கழிய புடிச்சிகினு வந்தேன். கழி ஆளா?"

மச்சான் பையைத் திறந்தார். மடித்த புடவையை மறுபடியும் கொடியில் போட்டார். பையை ஆணியில் மாட்ட உள்ளே போனார். சந்தோஷத்தில் குனிய மறந்துவிட்டார். மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது.

அன்றைக்குப் புதுச் சாமைச் சோறும் கீரைக் குழம்பும். மச்சான் நெற்றியில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் அறுப்பில் எங்களோடு அவரும் இறங்கினார். புறப்படும்போது கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மாப்ள, பொங்கலுக்கு அம்மாவ இட்டுகினு வாங்க. ரெண்டு நாள் இருக்கட்டும். அதுக்கு முன்னால நீங்க வந்து என் வூட்டுலயும் இதுமாரி ஒண்ணு போட்டுக் குடுங்க. அந்த சிமிட்டித் தர எனக்கே வழுக்குது."

"சரி மச்சான்" என்றேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் போன பிறகு, தழைக்கிற கால்களைப் பிடுங்கிவிட்டு நன்றாகக் காய்ந்த கழியாக நடலாம் என்று கடப்பாரையோடு போனேன். வாசலில் நின்றிருந்த மாமியார் உள்ளே போகாமல், கொட்டிலில் கட்டியிருந்த ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏண்டி, அதப் புடுங்கக் கூடாதுன்னு சொல்லு. நெழலாவும் கீது, எனக்குப் புடிப்பாவும் கீது. உனக்கும் தழையாச்சு. வேணும்னா நார மட்டும் நல்லா இறுக்கிக் கட்டட்டும்."

நான் நாரை இறுக்கிக் கட்டினேன்.

தை பிறப்பதற்குள் ஊரில் இருந்த மற்றக் கிழவிகளும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நான் மருமகன் இல்லை, அதனால் நேராகவே பேசினார்கள். அதுதான் எனக்குக் கஷ்டம். பந்தக்கால் என்று கேலி செய்தவர்தான் முதலில் வந்தார்.

"இந்தாப்பா, என் வூட்டுக்கும் ஒண்ணு போடு. படியும் அதேமாரி. வெள்ளக்கோடு உன் பொண்டாட்டி வந்து இழுக்கட்டும்."

"காய்ஞ்ச கழியா பாத்துப் போடறேங்க" என்றேன் தரையைப் பார்த்துக்கொண்டு.

"காய்ஞ்ச கழியா? அவளுக்கு மட்டும் தழையிற கழி, எனக்குக் காய்ஞ்ச கழியா? ஏன், நான் இன்னா கொறச்சல்? தழையிறதுதான் வேணும்."

பதில் சொல்ல வேண்டும். நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் ஓர் ஆடுகூட இல்லை.